கடைசிப் பக்கத்தை எழுதாத பிள்ளை

செப்டெம்பர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. மார்க்கம் வீதித் தரிப்பில் பஸ் வந்து நின்றது. முன் கதவால் சாருகா இறங்கினாள். பின் கதவால் அபிநயா இறங்கினாள். சாருகா திரும்பிப் பார்க்காமல் பள்ளியை நோக்கி நடந்தாள். அபிநயா சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தாள். நாடா ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

இருவரும் அக்கா தங்கையின் பிள்ளைகள். ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரே வீடு. மேல்வீட்டில் சாருகாவின் குடும்பம், நிலமட்டத்துக்குக் கீழே பேஸ்மன்ட்டில் அபிநயாவின் குடும்பம். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் ஒரே கதவால் இறங்கியவர்கள். ஒரு சோடி இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு, வயர் அறுந்துவிடாமல் இருக்கத் தோளோடு தோள் ஒட்டி நடந்தவர்கள். பத்தாம் வகுப்பு தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது; இரண்டு கதவு தேவைப்பட்டிருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும் எதையாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எங்கள் வேலைக்கு அலுவலகத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. பெற்றோருக்கு நாங்கள் 'பள்ளிக்கூடத்தில தமிழ் கதைக்கிற ஆள்'. பள்ளிக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்பவர்கள். எந்தப் பத்திரத்தை எங்கே கொடுப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். காலையில் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே தேநீரோடு நின்று, யார் எந்தக் கதவால் இறங்குகிறார்கள் என்று பார்க்கச் சொல்லித் தரமாட்டார்கள். ஓய்வு பெறும்வரை நான் அதைத்தான் செய்தேன். அதனால் அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு வரவேற்பு உண்டு. பெரிய வகுப்புப் பிள்ளைகள் ரீ-சேர்ட் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்கள். அறையைக் காட்டுவார்கள், பீட்சா கொடுப்பார்கள். ஆசிரியர்கள் கூடிப் பேசுவார்கள்: இந்தப் பிள்ளை தனியே சாப்பிடுகிறது, அந்தப் பிள்ளை பஸ்ஸைத் தவறவிடுகிறது. பத்தாம் வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு இவை எதுவும் கிடையாது. வழி தெரியும், லொக்கர் திறக்கத் தெரியும், ஆகவே எல்லாம் தெரியும் என்று விட்டுவிடுவார்கள். அந்த வருடத்தில்தான் மாகாண எழுத்தறிவுச் சோதனை வருகிறது. எதிர்காலத்தில் என்ன வேலை என்று கேட்கும் பாடம் வருகிறது. ஒன்பதில் எல்லோரையும் ஒன்றாக வைத்துக் கணிதம் படிப்பித்தவர்கள் பத்தில் இரண்டாகப் பிரிக்கிறார்கள்: பல்கலைக்கழகப் பாதைக்கு அகடமிக், செய்முறை கூடிய பாதைக்கு அப்ளைட். பள்ளி இதை நேர அட்டவணை என்று நினைக்கிறது. எங்கள் வீடுகளில் இதைச் சாதகம்போலப் பார்ப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தொலைந்துபோனால் அழும். பத்தாம் வகுப்புப் பிள்ளை தொலைந்துபோனால் வேறெங்கோ போகிற அவசரத்தில் இருப்பதுபோல நடக்கும். அந்த நடையைச் சந்தேகப்படுங்கள்.

செப்டெம்பர் கடைசியில் கணித ஆசிரியை என்னைத் தாழ்வாரத்தில் நிறுத்தினார். நல்ல ஆசிரியை, கண் கூர்மை, குரல் தாழ்வு. சாருகாவைப் பற்றி ஒரு கேள்வி என்றார். ஒன்பதில் எண்பத்தெட்டு எடுத்த பிள்ளை. இப்போது மூன்று சிறு பரீட்சைகள் முடிந்துவிட்டன, ஐம்பதைத் தாண்டவில்லை. போன வருடம் அவள் பக்கத்தில் எப்போதும் உறவுக்காரப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாளாம். இந்த வருடம் அந்தப் பெண் இந்த வகுப்பில் இல்லை. பிரித்தவுடன் புள்ளி விழுந்துவிட்டது.

"நான் என்ன நினைக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்" என்றார்.

தெரிந்தது. பார்த்து எழுதியிருக்கிறாள் என்று நினைக்கிறார். ஆனால் அந்தப் 'பக்கத்துப் பெண்' அபிநயா. அவள் அப்ளைட் வகுப்பில் இருப்பது எனக்குத் தெரியும். வேறொரு பிள்ளைக்காக அந்த அறைக்கு வாரம் இருமுறை போய் வந்தேன். எண்பத்தெட்டு எடுத்தவள், அப்ளைட்டுக்குப் போகிறவளைப் பார்த்தா எழுதியிருப்பாள்? அதைக் கேட்டேன். ஆசிரியை சிறிது யோசித்தார். "அப்படியானால் வேறு யாரையாவது பார்த்திருக்கலாம்" என்றார். சந்தேகம் அப்படித்தான். ஒரு நாற்காலி போதவில்லையென்றால் அடுத்த நாற்காலியில் போய் உட்காரும்.

வழிகாட்டல் அறையில் இருந்தவரின் சந்தேகம் வேறு. போன், இல்லாவிட்டால் பெடியன் என்றார். பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளையின் புள்ளி குறைந்தால் பெடியனைத் தேடுவது இந்த நாட்டிலும் வழக்கம்தான்.

எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. அதற்குப் பெயர் வைக்கவில்லை. ரொறன்ரோவுக்கு வருமுன் நான் யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவன். அங்கே செய்தி மேசைக்குத் தலைவராக இருந்தவர், பெயர் வேண்டாம், என் முதல் வாரத்திலேயே ஒன்று சொன்னார். "தம்பி, வந்த செய்தியில இருக்கிறதைப் பிறகு பாரும். முதல்ல, அதில இல்லாமப் போனது என்னெண்டு பாரும். அது போனதால ஆருக்கு நன்மை எண்டு பாரும்." சொல்லிவிட்டு என் கையிலிருந்த பிரதியில் பாதியை வெட்டினார். யாருக்கு நன்மை என்பதை அன்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒக்டோபர் நடுவில் பெற்றோர் சந்திப்பு வந்தது. மாலை ஐந்து மணி, சாப்பாட்டு மண்டபம். நீள மேசைகளில் ஆசிரியர்கள், எதிரே பெற்றோர், ஆளுக்குப் பத்து நிமிடம். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று பள்ளி முன்கூட்டியே கேட்கும். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் "வேண்டாம், மகள் இருக்கிறாள்தானே" என்று சொல்லிவிடுவார்கள். வங்கியில், டொக்டரிடம், போன் கொம்பனியில் எல்லாம் அந்தப் பிள்ளைதான் பேசியிருக்கிறது. அதே பிள்ளையின் வழக்கில் அதே பிள்ளையைக் கூட்டிவந்து மொழிபெயர்க்க வைப்பதில் அவர்களுக்கு ஒரு பிழையும் தெரிவதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அது பெரும்பாலும் ஓடிவிடும். பிள்ளை பயத்தில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடும். பத்தாம் வகுப்பில் பிள்ளை பத்திரிகை ஆசிரியராகிவிடுகிறது.

நான் வேறொரு குடும்பத்துக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் கணித ஆசிரியை. எதிரே சாருகாவும் தாயும். தாய் வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். தொழிற்சாலை அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. எனக்கு இரண்டு பக்கப் பேச்சும் கேட்டது.

ஆசிரியை ஆங்கிலத்தில் சொன்னது இது: "சாருகா கெட்டிக்காரி. மூன்று பரீட்சைகளிலும் முன் பக்கங்கள் எல்லாம் சரி. கடைசிப் பக்கத்தை மட்டும் அவள் தொடுவதேயில்லை; பாதிப் புள்ளி அதில்தான் இருக்கிறது. அவளால் முடியும் என்று நினைக்கிறேன். ஆனால் இப்படியே போனால் அப்ளைட் வகுப்புக்கு மாற்றச் சொல்லித்தான் நான் சிபாரிசு செய்ய வேண்டும். மாற்றத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை கடைசி நாள்."

சாருகா தாயிடம் தமிழில் சொன்னது இது: "எனக்குக் கணக்கு வராதாம். இந்த வகுப்பு எனக்குக் கூடவாம். அப்ளைட்டுக்குப் போனா நல்லதாம்."

நான் தேநீரைக் கீழே வைத்தேன். புள்ளி குறைந்த பிள்ளைகள் மொழிபெயர்ப்பதை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். 'மிகவும் கவலைக்கிடம்' என்பது 'பரவாயில்லையாம்' ஆகும். 'வகுப்புக்கே வருவதில்லை' என்பது 'ஒருக்கா லேட்டாம்' ஆகும். எல்லாப் பிள்ளையும் செய்தியை நன்றாக்கும். இந்தப் பிள்ளை செய்தியைக் கெடுக்கிறாள். தன்னைப் புகழ்ந்த வரியை வெட்டுகிறாள்.

தாய் கொதித்தார். "என்ன கதை உது? போன வருசம் எண்பத்தெட்டு எடுத்த பிள்ளைக்குக் கணக்கு வராதோ? கேள், உந்த ரீச்சருக்கு எங்கட பிள்ளையளைக் கண்டா ஆகாதோ எண்டு கேள்."

சாருகா ஆசிரியையிடம் திரும்பினாள். மேலதிக உதவி எந்த நாட்களில் கிடைக்கும் என்று அம்மா கேட்கிறார் என்றாள், நல்ல ஆங்கிலத்தில், சிரித்த முகத்தோடு. செவ்வாய், வியாழன் மதிய இடைவேளை என்றார் ஆசிரியை.

"அப்பிடி ஒண்டும் இல்லையாம் அம்மா."

"இல்லையெண்டு சொல்ல இவ்வளவு நேரமோ? சரி. அபி எப்பிடிச் செய்யிறாள் எண்டு கேள். அவளும் அகடமிக்தானே. உந்த ரீச்சரிட்டத்தான் வேற நேரத்தில படிக்கிறாளெண்டு அக்கா சொன்னவ."

இதுவும் உங்களுக்குப் பழகிவிடும். எங்கள் பெற்றோர் தங்கள் பிள்ளையைப் பற்றிக் கேட்டு முடித்தவுடன் உறவுக்காரரின் பிள்ளையைப் பற்றிக் கேட்பார்கள். அதைக் கேட்காமல் எழும்பினால் வந்த வேலை முடிந்ததாக அவர்களுக்குத் தோன்றாது.

சாருகா ஆசிரியையிடம், புதுக் கல்குலேட்டர் வாங்க வேண்டுமா என்று கேட்டாள். தேவையில்லை, வகுப்பில் இருக்கிறது என்றார் ஆசிரியை. சாருகா தாயிடம் திரும்பினாள்.

"மற்றப் பிள்ளையளைப் பற்றி ரீச்சர்மார் சொல்லக்கூடாதாம்."

பதில் திறமானது. விதியும் உண்மை. ஆனால் அவள் ஒன்றை மறந்துவிட்டாள். தாய்க்கு ஆங்கிலம் விளங்காது, பெயர் விளங்கும்.

"நீ கேட்டதில அபியின்ர பேரே வரேல்லை" என்றார் தாய்.

சாருகா மேசையைப் பார்த்தாள். தாய் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். என்னைக் கண்டார்.

"அண்ணை, ஒருக்கா இஞ்சால வாங்கோ. இவள் ஏதோ சுத்திறாள்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் நேரத்துக்குள் நான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. என் பக்கத்தில் இருந்தவை இவை: அபிநயா அப்ளைட்டில் இருக்கிறாள். அவளுடைய தாய் தங்கைக்கு அகடமிக் என்று சொல்லியிருக்கிறார். சாருகாவுக்கு உண்மை தெரியும், அதை மறைக்கிறாள். அபிநயாவின் பெயரை நான் ஆங்கிலத்தில் சொன்னால், "அவள் என் வகுப்பில் இல்லையே" என்று ஆசிரியை யோசிக்காமல் சொல்லிவிடலாம். அந்த ஒரு வாக்கியம் அந்த வீட்டின் மேல்மாடியிலிருந்து பேஸ்மன்ட்வரை போகும்.

முதலில் ஆசிரியை சொன்னதை ஒரு சொல்லும் விடாமல் தமிழில் சொன்னேன். கெட்டிக்காரி. முன் பக்கங்கள் சரி. கடைசிப் பக்கத்தைத் தொடுவதில்லை. முடியும் என்று நினைக்கிறார். வெள்ளிக்கிழமை.

தாய் மகளைப் பார்த்தார். "ஏலும் எண்டெல்லோ அவ சொல்லியிருக்கிறா!"

சாருகாவின் காது சிவந்திருந்தது.

"எங்கட பிள்ளையளைப் பிடிக்காதோ எண்டதைக் கேட்டவளோ?"

அதையும் கேட்டேன். ஆசிரியையின் முகம் மாறியது. "பிடிக்காவிட்டால் கடைசிப் பக்கத்தைப் பற்றி உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன்" என்றார். அதையும் அப்படியே சொன்னேன். தாய் அதை ஏற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். கைப்பையை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"அபியைப் பற்றி?"

"இவர் குடும்பத்தில் உள்ள இன்னொரு மாணவியைப் பற்றிக் கேட்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில். இன்னொரு மாணவியைப் பற்றித் தன்னால் பேச முடியாது என்றார் ஆசிரியை.

மொழிபெயர்ப்பவர் ஒரு சொல்லையும் வெட்டக்கூடாது என்று உங்களுக்குக் கற்பித்திருப்பார்கள். நான் ஒரு பெயரை வெட்டினேன். பத்திரிகையில் இருந்தபோது சிறுபிள்ளைகளின் பெயரை வெட்டிப் பழகிய கை. அது சரியா என்று நீங்கள் வாதாடலாம். என் காலத்தில் நானும் இரண்டு பக்கமும் நின்று வாதாடியிருக்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது ஒரு நாற்காலி இழுக்கும் அவகாசம்.

தாய் என்னை உற்றுப் பார்த்தார். "நீங்களும் பேர் சொல்லேல்லை, அண்ணை."

"மற்றப் பிள்ளையின்ர பேரைச் சொல்லிக் கேக்கிறது இஞ்ச சரியில்லை, தங்கச்சி."

"ஓமோம்" என்றார். சற்று முன் மகளைப் பார்த்த அதே பார்வை.

மறுநாள் மதியம் சாருகாவைத் தேடிப் போகவில்லை. தேடிப் போனால் பத்தாம் வகுப்புப் பிள்ளை கதையைத் தயாராக வைத்திருக்கும். நூலக வாசலில் தண்ணீர்ப் போத்தலை நிரப்பிக்கொண்டு நின்றேன். அவளாகவே வந்தாள்.

"தாங்ஸ் அங்கிள்" என்றாள். "பட், ஏன் மற்றதெல்லாத்தையும் சொன்னனீங்கள்?"

"மற்றது உன்ர செய்தி. அபியின்ர பேர் அபியின்ர செய்தி."

அவள் சிரிக்கவில்லை.

"கடைசிப் பக்கத்தில ஒரு கீறல்கூட இல்லையாம்" என்றேன். "தெரியாத பிள்ளை எதையாவது எழுதி அழிக்கும். நீ பேனையே வைக்கேல்லை."

"ஐ ரன் அவுட் ஒஃப் டைம்."

"மூண்டு தரமுமோ?"

போத்தலின் மூடியைத் திருகினாள், கழற்றினாள், மறுபடியும் திருகினாள். பிறகு ஒரே மூச்சில் சொன்னாள். "பெரியம்மா எல்லாருக்கும் அபி அகடமிக் எண்டு சொல்லி வச்சிருக்கிறா. என்னைக் கூப்பிட்டு, அம்மாக்கு மூச்சு விடாதை எண்டவ. அம்மா ஒவ்வொரு நாளும் கேக்கிறா, அபிக்கு எத்தினை, அபிக்கு எத்தினை எண்டு. நான் டெய்லி ஒரு நம்பர் இன்வென்ட் பண்ணுறன் அங்கிள். ஐ கான்ட் கீப் ட்ராக். அபி என்னோட கதைக்கிறாளுமில்லை. நானும் அப்ளைட்டுக்குப் போனா ரெண்டு பேரும் ஒரே கிளாஸ். ஒருத்தரும் ஒண்டும் கேக்கேலாது. அவளும் தனிய இருக்க மாட்டாள்."

"அபி உன்னைக் கேட்டவளோ, வா எண்டு?"

"நோ. ஷீ டஸன்ட் நோ."

"வெள்ளிக்கிழமைக்குப் பிறகு திரும்பி வாறது லேசில்லை. தெரியுமோ?"

"தெரியும்" என்றாள். "அதுதான் பொயின்ட்."

அவள் சொன்னதை நான் நம்பினேன். ஆனால் அது ஒரு பக்கத்துச் செய்தி. அபிநயா தனியே இருக்கிறாள் என்பது சாருகாவின் தகவல், அபிநயாவிடமிருந்து வந்ததல்ல. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு அச்சுக்குக் கொடுக்கக்கூடாது. சாருகாவின் இரகசியத்தைச் சொல்லாமல் அபிநயாவிடம் கேட்க வேண்டும். அது சிரமம்தான். ஆசிரியையிடமும் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொன்னால் சாருகா இனி எந்தப் பெரியவரிடமும் வாய் திறக்கமாட்டாள். வெள்ளிக்கு முன் இன்னும் ஒரு பரீட்சை இருந்தது, வியாழக்கிழமை. அதுவரை பொறுக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை காலை அபிநயா பின் கதவால் இறங்கி உள்ளே வந்தபோது வணக்கம் சொன்னேன். கணக்கு எப்படிப் போகிறது என்றேன்.

அவள் நின்றாள். "ஏன், அவள் உங்களை அனுப்பினவளோ?"

"ஆர்?"

"உவள்தான். மேல்வீட்டு மகாராணி."

"ஒருத்தரும் அனுப்பேல்லை."

என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை. ஆனாலும் சொன்னாள். சொல்ல யாரும் கிடைக்காமல் வைத்திருந்த ஒன்று என்பது அவள் சொன்ன வேகத்தில் தெரிந்தது. "எண்பத்திரண்டு அங்கிள். லைக், ஃபர்ஸ்ட் டைம் இன் மை லைஃப். சேர் ஸ்லோவாச் சொல்லித் தாறார். கேள்வி கேட்டா ஒருத்தரும் சிரிக்கிறேல்லை. எனக்கு அந்தக் கிளாஸ் பிடிச்சிருக்கு. அம்மாக்குத்தான் வெக்கம். எனக்கில்லை."

"அப்ப ஏன் பின் கதவு?"

"அவள் என்னைப் பாக்கிற பார்வை இருக்கே, நான் ஏதோ ஹொஸ்பிட்டல்ல கிடக்கிற மாதிரி. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை. எனக்கு அப்பிடிப் பாக்கிற ஆள் தேவையில்லை."

"எண்பத்திரண்டெண்டு அவளுக்குத் தெரியுமோ?"

"ஏன் நான் சொல்லோணும்? அவள் கேக்கேல்லை."

"கேக்கப் பயமா இருக்கும். சொல்லிப் பார். வியாழனுக்கு முதல் சொன்னா நல்லது."

"வியாழனில என்ன?"

"ஒண்டுமில்லை."

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் 'ஒன்றுமில்லை' என்று சொல்வது 'ஏதோ இருக்கிறது' என்று எழுதி ஒட்டுவதற்குச் சமம். அதை அறிந்துதான் சொன்னேன். அவள் கண்ணைச் சுருக்கினாள். மேலே எதுவும் கேட்காமல் படியேறினாள்.

செவ்வாய், இரண்டு கதவு. புதன், இரண்டு கதவு. நான் தேநீரைக் குடிக்க மறந்து நின்றேன். வியாழக்கிழமை எட்டு நாற்பதுக்குப் பஸ் வந்தபோது முன் கதவால் இருவரும் இறங்கினார்கள். சண்டை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது. "ஆர் யூ ஸ்டுப்பிட்? எனக்காக ஃபெயில் பண்ணுவியோ? நான் கேட்டனானோ? பைத்தியம்!" இது அபிநயா. சாருகா அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள்; தூரத்திலிருந்து பிரித்தறிய முடியவில்லை.

அன்று மாலை கணித ஆசிரியை என் அறைக் கதவில் தட்டினார். சாருகா கடைசிப் பக்கத்தை நிரப்பியிருந்தாள். ஒரு பிழை. மாற்றச் சொல்லும் சிபாரிசு இல்லை. நான் மகிழ்ச்சி என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். ஆனால் வாசலை விட்டுப் போகவில்லை. "ஒரே இரவில் எப்படி? யாராவது முன்கூட்டியே கேள்விகளைக் கொடுத்திருப்பார்களா?"

அடுத்த பரீட்சையில் அவளை முன் மேசையில் தனியே உட்கார வைத்தார். மீண்டும் கடைசிப் பக்கம் நிரம்பியது. வகுப்பு மாற்றும் கடைசி நாள் அதற்கு முன்பே கடந்துபோயிருந்தது. சாருகா அகடமிக்கில் நின்றாள். ஆசிரியை வருட முடிவுவரை அவளை அந்த முன் மேசையிலேயே வைத்திருந்தார்.

இதோடு கதை முடிந்ததென்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. நவம்பரில் ஒரு மதியம் சாருகாவின் தாய் போன் எடுத்தார். ஹலோ இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை.

"அண்ணை, அபி அப்ளைட்டாம்."

நான் அறைக் கதவைச் சாத்தினேன்.

"நேற்று ஒரு பேர்த்டே பார்ட்டிக்குப் போய் வாறம். எல்லாரும் ஒரு வான்ல. நான் சும்மா கேட்டன், அபி, உனக்கு இந்த முறை எத்தினை எண்டு. அவள் சொல்லுறாள், 'எண்பத்திரண்டு சித்தி, அப்ளைட்ல' எண்டு. அக்கா முன் சீற்றில இருந்தவ. கார்ட்போர்ட் மாதிரி இருந்தா."

"பிள்ளைக்கு எண்பத்திரண்டு நல்ல மாக்ஸ், தங்கச்சி."

"அதை நான் சொன்னன். அக்கா என்ன சொல்லுறா தெரியுமோ? என்ர மகள்தான் எனக்கு முதலே சொல்லிக் குடுத்தவளாம், எனக்கு எல்லாம் தெரிஞ்சுகொண்டுதான் வானுக்குள்ள எல்லாருக்கும் முன்னால கேட்டனானாம். சத்தியமா எனக்குத் தெரியாது." மூச்சு வாங்கினார். பிறகு குரல் தாழ்ந்தது. "அண்டைக்கு மேசையில இருக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

"மற்றப் பிள்ளையளைப் பற்றி நாங்கள் கதைக்கிறேல்லை."

"அப்ப தெரியும்" என்றார். போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்தால் எனக்குத் தலையசைப்பார். அண்ணை என்று கூப்பிட்டதில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையின் வழக்கில் பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். பெற்றோர் வேண்டாம் என்றாலும் பக்கத்து மேசையில் உட்காருங்கள். செய்தியைத் தனக்குச் சாதகமாக மாற்றுகிற பிள்ளையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, அது எல்லாப் பிள்ளையும் செய்வது. தனக்குப் பாதகமாக மாற்றுகிற பிள்ளையைக் கண்டால் அன்றைய மற்ற வேலைகளை ஒத்தி வையுங்கள். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்காகப் பரிதாபப்பட்டால், பரிதாபத்துக்கு உரியவள் என்று சொல்லப்படுகிறவளிடம் போய்க் கேளுங்கள். அவளிடம் வேறு செய்தி இருக்கும். ஒரு பிள்ளை நேராகி வந்த பிறகும் பெரியவர்களின் சந்தேகம் நேராகுமென்று எதிர்பார்க்காதீர்கள்.

மேல்வீடும் பேஸ்மன்ட்டும் குளிர்காலம் முழுவதும் பேசவில்லை என்று சாருகா சொன்னாள். வாகனத்தில் பனி வழித்துக்கொண்டு நிற்கும்போது எதிரெதிரே கண்டால் இரு தாய்மாரும் போனைக் காதில் வைத்துக்கொள்வார்களாம். மார்ச் மாதம் அபிநயாவின் தகப்பன் நகரின் கிழக்கு ஓரத்தில், ரூஜில் வீடு பார்த்தார். ஜூன் கடைசியில் போய்விட்டார்கள். அங்கே பக்கத்திலேயே ஒரு உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. நடந்து போகும் தூரம்.

அடுத்த செப்டெம்பர், பதினோராம் வகுப்பின் முதல் நாள், நான் வழக்கம்போலக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். எட்டு நாற்பதுக்குப் பஸ் வந்தது. சாருகா முன் கதவால் இறங்கினாள். பின் கதவு திறந்து மூடியது, யாரும் இறங்கவில்லை. அவள் உள்ளே வராமல் தரிப்பிலேயே நின்றாள். முதல் மணி அடித்தது. சில நிமிடம் கழித்து வீதியின் மறுபக்கத்தில் வேறொரு பஸ் வந்து நின்று போனது. அபிநயா சிக்னலுக்குக் காத்து நின்று வீதியைக் கடந்து வந்தாள். சாருகா ஒரு இயர்போனைக் காதிலிருந்து கழற்றி நீட்டினாள்.

ரூஜிலிருந்து எங்கள் பள்ளிக்கு வர இரண்டு பஸ் மாற வேண்டும்.